ஜெபத்தில் நுழைந்த துக்கடா

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் தாஸ் வீட்டில் காலை ஜெபம் என்றால் அது ரயில் வண்டி மாதிரி. எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு எந்த ஸ்டேஷன் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். முதலில் கர்த்தருக்கு நன்றி. பிறகு தங்கவயலில் குடும்பத்தோடு இருக்கும் மூத்த மகன் டேவிட். அப்புறம் மனைவி ஜோசபின், கூடவே அவளுடைய முழங்கால் வலி. அப்புறம் மகள் பவுலின். அதற்கப்புறம் ஒரு கனைப்பு. கனைப்பு முடிந்ததும் எதிர்வீட்டுச் சந்திரம்மா குடும்பம், நாட்டை ஆளுகிறவர்கள், ஆமென்.

அந்தக் கனைப்பு இருக்கிறதே, அதில்தான் நம் கதையே அடங்கியிருக்கிறது. வாராவாரம் இந்தத் தொடரோடு கூடவே வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

கனைப்பு இருக்கும் இடத்தில் முன்பு ஒரு பெயர் இருந்தது. கிளாரன்ஸ். கடைக்குட்டி. குறும்பென்றால் அப்படி ஒரு குறும்பு. நான்கு வருஷத்துக்கு முன் சுரங்க வேலையிலிருந்து தாஸ் ஓய்வு பெற்ற அன்று துரை வந்தார், மாலை வந்தது, குரூப் போட்டோவுக்கு ஆள் வந்தான். துரை உட்கார வேண்டிய நாற்காலியில் கிளாரன்ஸ், பட்டால் அரிப்பெடுக்கும் பூனைக்காலிப் பொடியைத் தூவி வைத்திருந்தான். போட்டோவில் மற்றவர்களெல்லாம் சிலை மாதிரி நிற்கிறார்கள். சொறிந்த வேகத்தில் துரைக்கு மட்டும் ஆறு கை.

சும்மா இருப்பாரா தாஸ்? அத்தனை பேர் முன்னாலும் மகனைக் கன்னத்தில் அறைந்தார். விரலை நீட்டி, "போடா வெளிய!" என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் பையன் சாயங்காலம் சோற்றுக்கு வந்திருப்பான். "இனிமே என் ஜெபத்துல உன் பேரு வராது" என்றும் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது. கிளாரன்ஸ் போனவன் போனவன்தான். குடும்பம் பெங்களூருக்கு வந்து சேர்ந்த பிறகும் ஜெபத்தில் அந்தப் பெயர் வரவில்லை. கனைப்புதான் வந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஜெப வண்டி தடம் மாறியது.

"...ஜோசபின் முழங்காலுக்குச் சுகம் கொடும். பவுலினை ஆசீர்வதியும். அந்தத் துக்கடாப் பயலையும் எங்க கீறானோ அங்க காப்பாத்தும், கர்த்தாவே..."

சொல்லி முடித்த பிறகுதான் தாஸுக்கே தன் குரல் காதில் விழுந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பவுலின் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபத்தில் இன்னும் பாதி பாக்கி இருக்க, ஜோசபின் வீடு அதிரும்படி "ஆமென்!" என்றாள்.

"இன்னும் முடியலடி!" என்றார் தாஸ்.

"எனக்கு முடிஞ்சிடுச்சு" என்றாள் ஜோசபின்.

"இன்னா சிரிப்பு? வாய் தவறி வந்துடுச்சு" என்று தாஸ் இருவரையும் முறைத்தார்.

"வாய்தானே தவறுச்சு? மனசு தவறலியே?" என்று சொல்லிவிட்டு ஜோசபின் அடுப்பங்கரைக்குப் போனாள். அங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை, அவ்வளவுதான்.

துக்கடா யார் என்று கேட்கிறீர்களா? நியாயம்தான். மல்லேஸ்வரத்திலிருந்து வரும் 'தட்டான்' என்ற வாரப் பத்திரிகையில் பவுலின் சித்திரக்கதை வரைகிறாள். கதாநாயகன் ககனவீரன். சிவப்புப் போர்வையைத் தோளில் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறப்பான், அணையைத் தாங்குவான், ரயிலைத் தூக்குவான். அவனுடைய டிபன் கேரியரின் மேலடுக்கில் குடியிருக்கும் சுண்டுவிரல் உயரப் பூதம்தான் துக்கடா. எஜமானுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று மந்திரம் போடுவான். ஒரு மந்திரமாவது ஒழுங்காகப் பலிக்க வேண்டுமே! கயிறு கேட்டால் சேமியா வரும். திருடனை உறைய வைக்கச் சொன்னால் திருடனுக்குத் தாலாட்டுப் பாடுவான். கடைசியில் எப்படியோ அந்தக் கோணல் மந்திரத்தாலேயே ககனவீரன் ஜெயித்துவிடுவான்.

துக்கடாவின் மூக்கு யாருடைய மூக்கு, அந்தத் திருட்டுச் சிரிப்பு யாருடைய சிரிப்பு என்று பவுலின் யாரிடமும் சொன்னதில்லை. பெற்றவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. அவளும் சொல்லவில்லை. போன மாதம் எதிர்வீட்டுச் சந்திரம்மாவின் புருஷன், ரயிலில் கார்டாக இருப்பவர், ஒரு சேதி கொண்டு வந்தார். இந்த வீட்டுப் போட்டோவில் பார்த்த அதே கிளாரன்ஸ் ஹூப்ளி ஸ்டேஷன் புத்தகக் கடையில் நின்றுகொண்டே 'தட்டான்' படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தானாம். இவர் கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டானாம். அதைக் கேட்ட தாஸ் உள்ளே போய்க் கனைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி படிக்கிறான் என்று தெரிந்ததும் பவுலினுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. போன வாரக் கதையில் கொடுங்கோல் ராஜாவின் சிம்மாசனத்தில் துக்கடாவைக் கொண்டு பூனைக்காலிப் பொடியைத் தூவ வைத்தாள். ராஜாவுக்கு ஆறு கை வரைந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்த தாஸ் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் கண்ணீர் வந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதே பக்கத்தைப் பார்த்தார். அந்தச் சிரிப்புதான் இரண்டு நாள் கழித்து ஜெபத்தில் வெளியே வந்திருக்கிறது.

பவுலினுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாப்பாட்டுக் கேரியரைக்கூட மறந்துவிட்டு ஓடினாள்.

சந்தோஷம் ஆபீஸ் படி ஏறும் வரைதான்.

"வாம்மா பவுலின், வா. உன் துக்கடா பண்ணின கூத்தைக் கேளு" என்றார் முனிகிருஷ்ணன். 'தட்டான்' பத்திரிகைக்கு ஆசிரியரும் அவரே, முதலாளியும் அவரே. ககனவீரனின் முகத்துக்கு மாடலும் அவரே. அப்போது ஒல்லியாக இருந்தார்.

"நேத்து சாயங்காலம் ஒரு ஹெட்மாஸ்டர் வந்தாரு. உட்காருங்க சார்ன்னேன். மாட்டேன்னுட்டாரு. ஏன்னு கேளு."

"ஏன் சார்?"

"உட்கார முடியலம்மா! பசங்க உன் கதையைப் படிச்சுட்டு அவர் நாற்காலியில பொடி போட்டுட்டாங்க. அரைமணி நேரம் என்கிட்ட நியாயம் கேட்டாரு. அதுல பாதி நேரம் சொறிஞ்சாரு."

பவுலினுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முனிகிருஷ்ணனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"துக்கடா பேடவே பேடா, வேணவே வேணாம். போதும். இந்த வாரத்தோட அவனை அனுப்பிடு. ககனவீரன் அவனைக் கேரியரிலிருந்து எடுத்து வெளிய போடறான். விரலை நீட்டி, 'இனி என் முகத்தில் விழிக்காதே'ங்கறான். முழுப் பக்கம். பெரிய எழுத்து."

பவுலினுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"சார், வேற ஏதாவது தண்டனை கொடுக்கலாமே? சின்னப் பூதம் சார்."

"சின்னப் பூதமா? வர்ற லெட்டர் எல்லாம் அவனுக்குத்தான் வருது. துக்கடா அண்ணாவுக்கு, துக்கடா மாமாவுக்கு! ககனவீரனுக்கு இந்த வருஷம் வந்தது ஒண்ணே ஒண்ணு. அதுவும் எங்க அக்கா போட்டது." முனிகிருஷ்ணனின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "சாயங்காலம் படத்தை அச்சுக்கு பிளாக் செய்யற ஆள் வருவான். நீ வரையலைன்னா வேற ஆளை வச்சு வரைஞ்சுக்கறேன். கோவிச்சுக்காதே."

பவுலின் தன் மேஜையில் போய் உட்கார்ந்தாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். போனால் இன்னொருவன் இன்னும் கொடூரமாக வரைவான். யார் வரைந்தாலும் வெள்ளிக்கிழமை 'தட்டான்' கட்டு ஹூப்ளிக்குப் போய்விடும். தம்பி நின்றுகொண்டே புரட்டுவான். பூனைக்காலிப் பொடி போட்ட குட்டிப் பூதத்தை நீட்டிய விரல் ஒன்று வாசலைக் காட்டித் துரத்துவதைப் பார்ப்பான். வீட்டிலிருந்து வந்த கடைசி வார்த்தை இதுதான் என்று நினைத்துக்கொள்வான். அதன் பிறகு அவன் ஹூப்ளியில் இருந்தால் என்ன, லண்டனில் இருந்தால் என்ன?

பென்சிலை எடுத்தாள். மற்றக் கட்டங்களை ஒப்பேற்றிவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். ககனவீரனின் தோள் வந்தது, கை வந்தது, விரல் வந்தது. விரல் வந்தவுடன் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாடி, சோத்தை மறந்துட்டுப் பூட்டியே."

நிமிர்ந்து பார்த்தாள். தாஸ் நின்றுகொண்டிருந்தார். கையில் கேரியர். படி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஒக்கலிபுரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார், சுரங்கத் தூசி தின்ற அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு.

"பஸ்ல வரக்கூடாதாப்பா?"

"சும்மா காலாற..." என்று தொடங்கியவரின் பார்வை மேஜை மேல் விழுந்தது. "இன்னா இது?"

பவுலின் சொன்னாள். ஹெட்மாஸ்டரையும் சொன்னாள், முதலாளியின் கட்டளையையும் சொன்னாள். தாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, கட்டத்தின் குறுக்கே நீண்டிருந்த அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெரலு..." என்றார். "இவ்ளோ நீளமாவா இருந்துச்சு?"

பவுலினுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருந்துச்சுப்பா."

தாஸ் கேரியரை எடுத்துக்கொண்டார். நேராக முதலாளியின் அறைக்குள் போனார். பவுலின் பின்னாலேயே ஓடினாள். அச்செழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் அய்யாவுகூடக் கையிலிருந்த அச்சைப் போட்டுவிட்டுக் கதவோரம் வந்து நின்றார்.

"வணக்கம் சார். நான் பவுலினோட அப்பா. துக்கடாவை ஏன் சார் தொரத்தறீங்க?"

முனிகிருஷ்ணன் ஒரு கணம் திகைத்தார். "பெரியவரே, அது வெறும் பொம்மைக் கதை."

"அதான் கேக்கறேன். பொம்மைதானே? பொடி போட்டான். தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. அந்தப் பொடியிலயே அவனை உட்கார வைங்க. ராத்திரி பூரா சொறிஞ்சுக்கினு கெடக்கட்டும். ஹெட்மாஸ்டருக்கும் மனசு ஆறிடும்."

"அதெல்லாம் சரி, ஆனா..."

"போன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்." தாஸுக்கு மூச்சு வாங்கியது. கேரியரை மேஜை மேல் வைத்துவிட்டு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "சொல்றதுக்கு ஒரு நிமிசம் போதும். அப்பறம் வான்னு சொல்லணும்னு தோணும். வாய் வராது. கனைப்புதான் வரும். எனக்குத் தெரியும்."

முனிகிருஷ்ணன் நல்ல மனுஷர்தான். பெரியவர் பேசுவது பொம்மையைப் பற்றி இல்லை என்பது அவருக்கும் அரைகுறையாகப் புரிந்தது. ஆனால் அவருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது.

"கோபத்துல போன்னுட்டான், அப்புறம் திரும்பக் கூப்பிடறான்னு வச்சுக்குவோம். ககனவீரன் யாரு? ரயிலைத் தூக்கறவன். அவன் போய் ஒரு சுண்டைக்காய்ப் பூதத்துக்கிட்ட, வந்துடுப்பான்னு கெஞ்சறதா? என் மூஞ்சியை வச்சுக்கிட்டா? தெருவுல நான் எப்படி நடக்கறது?"

"உங்க மூஞ்சி வேணாம்" என்றார் தாஸ். "என் மூஞ்சியைப் போடச் சொல்லுங்க."

பவுலின் அப்பாவைப் பார்த்தாள். காதோரம் நரை, குழிந்த கன்னம், இரண்டு பக்கமும் தொங்கும் மீசை. அவள் கண்ணுக்கு அந்த முகத்தில் சிவப்புப் போர்வை தெரிந்தது. பிறகு படபடவென்று வார்த்தை வந்தது.

"சார், சார், முடியும் சார்! ககனவீரன் போடா வெளியங்கறான். துக்கடாவுக்கு ரோஷம். 'உனக்குத் தாடி முளைக்கட்டும்'னு மந்திரம் போட்டுட்டுப் போறான். அவன் மந்திரம் எப்ப ஒழுங்காப் பலிச்சுது? தாடி வரல, அறுபது வயசு வந்துடுது! ககனவீரன் கிழவனாயிடறான். போர்வை கனக்குது, பறந்தா இருமல் வருது. துக்கடா இல்லாம ஒண்ணும் ஓடல. ஒரு மேகத்து மேல நின்னுக்கிட்டுக் கூப்பிடறான்."

கதவோரம் அய்யாவு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பறந்தா இருமல் வருதா!" என்று மறுபடியும் சொல்லிச் சிரித்தார்.

அய்யாவு எதற்கும் சிரிக்காத மனுஷர். எந்த நகைச்சுவைத் துணுக்கையும் அழுத முகத்தோடுதான் அச்சுக் கோப்பார். முனிகிருஷ்ணன் அவரைப் பார்த்தார். தாஸைப் பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டார்.

"கிழவன் மூஞ்சி எனக்கு வேண்டாம். அது பெரியவருதாவே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "நாற்காலியில சொறியற கட்டம் கண்டிப்பா இருக்கணும். ஹெட்மாஸ்டருக்கு ஒரு பிரதி அனுப்பணும். ஆனா ஒண்ணு. வாசகருக்குப் பிடிக்கலைன்னா அடுத்த வாரமே துக்கடா அவுட். அப்ப நீ அழக்கூடாது."

"அழமாட்டேன் சார்" என்று பவுலின் அழுதுகொண்டே சொன்னாள்.

அச்சுக்கூடத்து நடுவில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். முதலாளி மேஜை மேலிருந்த சிவப்பு விரிப்பை அய்யாவு உருவி வந்து தாஸின் தோளில் கட்டிவிட்டார். சுரங்கத்தில் முப்பது வருஷம் தலை குனிந்தே நடந்த மனுஷர் ஸ்டூல் மேல் ஏறி, மார்பை நிமிர்த்தி நின்றார். கால் கொஞ்சம் ஆடியது. அய்யாவு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, கூப்பிடற மாதிரி வாயைத் திறங்க."

தாஸ் வாயைத் திறந்தார். பல் வலிக்காரன் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது.

"நிஜமாவே கூப்பிடுங்கப்பா."

"துக்கடா..."

"கோழியைக் கூப்பிடறீங்களா? அவன் எங்கியோ தூரத்துல இருக்கான்பா. மேகத்துக்கு அந்தப் பக்கம்."

"துக்கடா! ஏ துக்கடா!" இந்தத் தடவை குரல் பெரிதாக இருந்தது. ஷிப்டுக்கு ஆள் கூப்பிடுகிற குரல். பவுலின் இரண்டு கோடு போட்டாள். அழித்தாள். மறுபடி போட்டாள். முகம் வந்தது, கூப்பிடுகிறவனின் தவிப்பு வரவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்பா" என்றாள் மெதுவாக. "அவன் பேரு அது இல்லியே."

தாஸ் ஸ்டூல் மேல் அசையாமல் நின்றார். வழக்கமான கனைப்பு வந்தது. அதை விழுங்கினார். மறுபடியும் வந்தது. மறுபடியும் விழுங்கினார். ஜன்னல் வழியாக எங்கோ பார்த்தார்.

"கிளாரன்ஸ்!"

ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

"டேய் கிளாரன்ஸ்! கண்ணு, வந்துடுடா! அப்பா கூப்பிடறேன்டா!"

பவுலின் வரைந்தாள். கண் மறைத்தது, துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் வரைந்தாள். விரிந்த வாய், நடுங்கும் மீசை, விரலை மடக்காமல் இரண்டு கையையும் நீட்டி அழைக்கிற ஒரு கிழட்டு ககனவீரன். அவள் கையிலிருந்து அதுவரை அப்படி ஒரு படம் வந்ததில்லை.

முனிகிருஷ்ணன் எட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா வந்திருக்கும்மா. பலூனுக்குள்ள சீக்கிரம் எழுத்தைப் போடு, ஆள் வந்துட்டான். துக்கடா, திரும்பி வா, அவ்வளவுதானே?"

பவுலின் தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அய்யாவு கையைப் பிடித்து அவரைக் கீழே இறக்கியிருந்தார். சிவப்பு விரிப்பு இன்னும் தோளிலேயே இருந்தது.

"என்னப்பா எழுதட்டும்?"

"நான் சொன்னதை எழுது."

"பேரோடவா?"

"பேரோடதான்."

"ஊர் பூரா படிக்கும்பா."

"படிக்கட்டும்" என்றார் தாஸ். "ஊர் முன்னாலதானே அடிச்சேன்."